அப்பம்மாவா, அப்பாச்சியா? பேத்தி உங்களை எப்படிக் கூப்பிடுவாள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் அங்கே உங்கள் முதல் பேத்தி பிறந்திருக்கிறாள். மருமகளின் தாயார் அதே வீட்டில் இருப்பதால் அவர் ஏற்கெனவே அம்மம்மா ஆகிவிட்டார். "மாமி, உங்களை எப்படிக் கூப்பிடச் சொல்லிப் பழக்குறது?" என்று மருமகள் கேட்டிருக்கிறார். உங்களுக்கு 53 வயது, இன்னும் படிப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். 'அப்பாச்சி' என்றால் வயது போன மாதிரி இருக்கிறது, 'பாட்டி' நம் வீட்டுச் சொல்லாகத் தெரியவில்லை, கூட வேலை செய்கிற ரீச்சர் 'கிரானி' என்று வைக்கச் சொல்கிறார். மனதுக்குள் 'அப்பம்மா' என்று ஓர் ஆசை. ஆனால் தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தானே சொல்வது அழகில்லையோ என்று கூச்சம். போனில் மட்டும் பார்க்கிற பிள்ளை அந்தச் சொல்லைப் பிடிக்குமா என்ற கவலையும் இருக்கிறது.

நான் திருகோணமலையில் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று கூடுதலான காலம், இடையில் சில வருடம் கிண்ணியா. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் முன்னர் படகுப்பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பிள்ளை பிறந்த வீடுகளுக்குள் போய் நிறுக்கிறது, கிளினிக் கொப்பியில் எழுதுகிறது, தாய்க்குப் பால் கொடுக்கச் சொல்லிக்கொடுக்கிறது என் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் தாய்க்குப் பக்கத்தில் ஒரு பேத்தியார், அதாவது பிள்ளையின் பாட்டி, இருப்பார். அவரை அந்த வீட்டார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் முதலில் காதில் விழும். அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பம்மாவும் சரி, அப்பாச்சியும் சரி. நம் ஊரில் இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில்கூட ஒன்றில் அது, மற்றதில் இது. உங்கள் மனம் அப்பம்மாவில் நிற்கிறதென்றால் அதையே சொல்லுங்கள். ஆனால் அந்தச் சொல் பேத்தியின் வாய்க்குப் போகும் வழி உங்கள் கையில் இல்லை, மருமகளின் கையில் இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

சாம்பல்தீவில் ஒரு வீடு. முற்றத்து வேப்ப மர நிழலில் பாயைப் போட்டு, பேத்தியார் இரண்டு காலையும் நீட்டி இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலுக்கும் நடுவில் பிள்ளை குப்புறக் கிடக்கிறது. நல்லெண்ணெய் தடவிய முதுகு வெயிலில் மினுங்குகிறது. தாய் வாளியில் வெந்நீர் விளாவிக்கொண்டே பிள்ளையோடு கதைக்கிறாள். "அம்மம்மா குளிக்க வாக்கிறாவா? அம்மம்மாட காலுக்குள்ள படுத்திருக்கிறீங்களா? அழாதேங்கோ, அம்மம்மா இப்ப முடிச்சிடுவா." உள்ளே இருந்து அந்தப் பேத்தியாரின் கணவர் கூப்பிடுகிறார்: "அம்மம்மா, துவாய் எங்க?" அவருக்கு அவர் மனைவி. ஆனாலும் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அம்மம்மாதான். நான் நிறுவைத் தராசைக் கொழுவி முடிக்கும் பத்து நிமிடத்துக்குள் அந்தப் பிள்ளையின் காதில் அந்தச் சொல் எத்தனை தரம் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஆட்கள் இப்படித்தான் முறை பழக்குவது. பிள்ளையின் இடத்தில் நின்று வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அந்த முறையைச் சொல்வார்கள். பிள்ளை அதைப் படிப்பதில்லை, அதற்குள் வளர்கிறது. அதனால் உங்கள் பெயரை ரொறன்ரோவில் நாளுக்கு நாலு தரம் உச்சரிக்கப்போகிறவர் யாரோ, அவருடைய நாக்குக்கு அது இதமாக இருக்க வேண்டும். மருமகளுக்கு அந்தச் சொல்லில் ஒரு கூச்சமோ தடங்கலோ இருந்தால் அவர் சண்டை பிடிக்கமாட்டார், வேறு விதமாகச் சொல்லித் தப்பிக்கொள்வார். "அப்பாட அம்மா கோல் எடுக்கிறா" என்பார். மகனிடம் "உங்கட அம்மா" என்பார். மாதக்கணக்கில் அப்படியே போனால் பிள்ளைக்கு உங்கள் முகம் தெரியும், முறை தெரியாது.

ஆகவே மருமகள் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லாமல் முதலில் நீங்கள் ஒன்று கேளுங்கள்: "பிள்ளை, நீங்கள் உங்கட அப்பாட அம்மாவை எப்படிக் கூப்பிட்டனீங்கள்?" அவர் தன் அப்பாச்சியின் மடியில் வளர்ந்தவராக இருந்தால் 'அப்பாச்சி' என்று சொல்லும்போதே அவர் குரல் மாறும். அந்தக் குரலோடு உங்கள் பெயர் பிள்ளைக்குப் போவதை விட வேறென்ன வேண்டும்? அவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றால் "எனக்கு அப்பம்மா என்று கேட்க ஆசையாக இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். மாமி கூச்சமில்லாமல் ஓர் ஆசையைச் சொன்னால் மருமகளுக்கு அது பாரமில்லை, நிம்மதி. என்ன நினைப்பாரோ என்று ஊகித்துக்கொண்டிருப்பதுதான் பாரம்.

இனிப் பிள்ளையின் வாய். ஆறு ஏழு மாதத்தில் 'பபப', 'மமம' என்று அடுக்கத் தொடங்கும். ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும், சில பிள்ளைகளுக்கு முந்தியும் பிந்தியும். உதட்டை ஒட்டித் திறந்தால் வருகிற ப, ம இரண்டும் முதலில் அமைகிறவை. அதனால்தான் உலகத்தில் இத்தனை மொழிகளில் தாய்க்கும் தகப்பனுக்கும் உள்ள சொற்கள் இந்த ஒலிகளைச் சுற்றியே நிற்கின்றன. 'ச்சி' அப்படியில்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி உரசி விட வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். ஆச்சியை 'ஆத்தி' என்றும் அப்பாச்சியை 'அப்பாத்தி' என்றும் சொல்லுகிற பிள்ளைகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். அப்பம்மாவில் இரண்டு உதட்டொலியும் இருப்பதால் கெதியாக வரும். ஆனால் முழுதாக வராது. 'பம்மா' என்று வரும், 'அப்பமா' என்று வரும், சில நாள் வெறும் 'அப்பா' என்று வந்து மகனுக்கும் உங்களுக்கும் பொதுவாகிவிடும். அம்மம்மாவுக்கும் அதே கதைதான். 'ம்மா'வை எத்தனை தரம் சொல்வது என்று பிள்ளைக்குப் பிடிபடாது. தாயும் பேத்தியாரும் கொஞ்சக் காலம் ஒரே பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளின் மூத்தவன் என்னை 'மம்மா' என்றுதான் தொடங்கினான். அம்மம்மா என்று சரியாக வரவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அவன் மம்மா என்று ஓடிவரும் ஒவ்வொரு தரமும் "அம்மம்மா சொல்லுங்கோ" என்று நிறுத்தினேன். நாலைந்து நாளில் அவன் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். வந்து சேலையை இழுப்பான், வாய் திறக்கமாட்டான். இரண்டு கிழமை அப்படிப் போனது. மற்றத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் என் பேரனிடம் செய்த பிழை அது. பிறகு ஒரு நாள் நானே அவனிடம் "மம்மாட்ட வாங்கோ" என்றேன். அன்றைக்குத் திரும்பவும் கூப்பிட்டான். அவனுக்குப் பின் பிறந்த மூன்று பேருக்கும் நான் மம்மாதான். அதனால் அப்பம்மா என்று வையுங்கள், ஆனால் பேத்தி அதை உடைத்து ஒன்றைத் தந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மாத்திரம் முழுச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், திருத்த வேண்டாம்.

சொற்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிண்ணியாவில் முஸ்லிம் வீடுகளில் உம்மாவின் உம்மா உம்மும்மா, வாப்பாவின் உம்மா வாப்பும்மா. மலையகத்திலிருந்து வந்து குடியிருக்கிற குடும்பங்களில் அப்பாயி, அம்மாயி கேட்டிருக்கிறேன். திருச்சிப் பக்கத்தில் இன்றைக்கும் புழங்குகிற சொற்கள் அவை. மதுரை, சிவகங்கையில் அப்பத்தா. கவனித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் கட்டியவை. யாருடைய தாய் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இது நமக்குப் பழைய பழக்கம். நீங்கள் படிப்பிக்கிற குறுந்தொகையில் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று வருகிறதே, என் தாய் யாய், உன் தாய் ஞாய். உன் அம்மாவைக் கொம்மா, உன் அப்பாவைக் கொப்பா என்று ஊரில் சொல்வதும் அதே மாதிரித்தான். பாட்டி என்பதில் இந்தக் கணக்கு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல். அதில் குறையொன்றும் இல்லை, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அதுதான் அன்பான சொல். நமக்கு அது பாட்டி வடை சுட்ட கதையோடும் ஔவைப் பாட்டியோடும் புத்தகத்தில் வந்த சொல் என்பதால் வீட்டுச் சொல்லாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் பேத்திக்கு இரண்டு பக்கமும் பேத்தியார் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில், ஒருவர் திரைக்குள். அவளுக்கு இரண்டு வேறு சொல் இருப்பது நல்லது. அப்பாவின் அம்மா என்பதால் அப்பம்மா என்று மூன்று வயதில் ஒரு நாள் அவளுக்கே வெளிக்கும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கிரானி என்ற யோசனையை நான் விடச் சொல்வேன். அங்கே அவள் வெளியே இறங்கினால் எல்லாமே ஆங்கிலம். வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு இங்கே வருகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் ஒரு வசனம் கோர்க்கத் தெரியாதவர்களும் அம்மம்மா, மாமா, சித்தி என்ற சொற்களைப் பிழையில்லாமல் சொல்வார்கள். மற்றதெல்லாம் போனாலும் முறைச் சொல் நாக்கில் நிற்கிறது. அதை நாமே எடுத்துவிடக் கூடாது.

ஆச்சி என்றால் வயது போனவர் என்கிறீர்கள். செட்டிநாட்டில் கலியாணம் கட்டிய இளம் பெண்ணும் ஆச்சிதான், அது மரியாதைச் சொல். சிங்களத்திலும் பேத்தியாரை ஆச்சி என்றுதான் சொல்வார்கள். சந்தையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஆச்சி என்று கூப்பிட்டால் இரண்டு கிழவிகளும் திரும்பிப் பார்ப்பார்கள், இந்த ஊரில் அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். (உங்கள் கணவருக்கு ஒரு சொல்: தாத்தா என்பது சிங்களத்தில் தகப்பன். சிங்கள அயலவர்கள் குழம்புவார்கள். அப்பப்பா என்று வைத்தால் உங்கள் பெயரோடும் ஒத்துப்போகும்.) ஆக, அப்பாச்சியை முதுமைக்குப் பயந்து தள்ள வேண்டாம். ஆசை அப்பம்மாவில் இருக்கிறது என்பதற்காக அப்பம்மாவை எடுங்கள்.

சாம்பல்தீவில் இன்னொரு வீட்டில் ஒரு பேத்தியார் விடிய நாலு மணிக்கு எழும்பி அப்பம் சுட்டு விற்பவர். அந்த வீட்டு நாலு வயதுப் பெடியன் என்னிடம் சொன்னான், அப்பம் சுடுகிறதால்தான் அவ அப்பம்மா என்று. பேத்தியார் தாச்சியைச் சுழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், திருத்தவில்லை. கரை முறுகிய ஒரு பாலப்பத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

தனக்குத் தானே பெயர் தேடுவது அழகா என்றீர்கள். பேரன் என்ற சொல்லை எடுங்கள். அது பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி, பெயர்த்தி. ஆனால் நம் பக்கத்தில் பேரனார், பேத்தியார் என்றால் பாட்டனும் பாட்டியும். நானே மேலே அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரே சொல் மேலேயும் போகிறது, கீழேயும் வருகிறது. பேத்தியைக் கொஞ்சும்போது நாம் என்ன சொல்கிறோம்? "வாங்கோ அம்மா", "என்ர அம்மா அல்லோ." பேரனை "அப்பன்" என்கிறோம். நம் தாயையும் தகப்பனையும் கூப்பிட்ட சொல்லால் அதுகளைக் கூப்பிடுகிறோம். பெயர் கொடுப்பதும் வாங்குவதும் இந்த உறவுக்குள்ளேயே இருக்கிற காரியம். 53 வயதில் ஒரு புதுப் பெயர் வருகிறது, அதை எப்படிக் கேட்க விரும்புகிறேன் என்று யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் தாயார் 80 வயதில் உங்களோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பேத்திக்குப் பூட்டி. ஆனால் முகத்துக்கு நேரே பூட்டி என்று கூப்பிடும் வழக்கம் நான் கண்ட வீடுகளில் குறைவு. பெரியப்பம்மா என்று வைக்கலாம். உங்கள் சகோதரிகள் இருந்தால் அவர்களும் முறைக்கு அப்பம்மாதான், ஊரை முன்னுக்குப் போட்டால் சரி: நிலாவெளி அப்பம்மா, மூதூர் அப்பம்மா.

இனிப் போன். 2016இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்னபோது வீடியோ கோலை மட்டும் விலக்கி வைத்தது. எதிரே இருப்பவர் பிள்ளையின் சத்தத்துக்குப் பதில் சத்தம் கொடுக்கிறார் என்பதால் அது தொலைக்காட்சி போலில்லை. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் நீண்ட கோல் வேண்டாம். ஐந்து நிமிடம், முடிந்தால் ஒவ்வொரு நாளும், ஒரே நேரத்தில். அங்கே கோடையில் காலை 8 மணி என்றால் இங்கே பின்னேரம் 5.30, குளிர்காலத்தில் 6.30. பள்ளிக்கூடம் முடிந்து வந்து நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம், அங்கே பிள்ளை எழும்பிப் பால் குடித்த நேரம். எடுத்தவுடன் மகனிடம் வேலையையும் காலநிலையையும் கேட்க வேண்டாம். முதல் வார்த்தை பிள்ளைக்கு: "அப்பம்மா வந்திட்டேன்." 'நான்' என்று சொல்லாதீர்கள், ஒவ்வொரு தரமும் 'அப்பம்மா' என்றே உங்களைச் சொல்லுங்கள். ஒரே பாட்டு, ஒரே கைதட்டு, ஒரே முடிவு. "அப்பம்மா போயிட்டு வாறன்" என்று கையசைத்துவிட்டு வையுங்கள். உங்கள் படம் ஒன்றைப் பெரிதாக அடித்து அனுப்பி, பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மருமகளும் சம்பந்தியும் அதைக் காட்டி "அப்பம்மா எங்க?" என்று கேட்பார்கள். சம்பந்தியை இதில் துணைக்கு எடுங்கள், போட்டிக்கு எடுக்க வேண்டாம். பகலில் பிள்ளையோடு இருப்பவர் அவர். அவர் வாயிலிருந்து உங்கள் பெயர் வந்தால் மருமகள் சொல்வதற்குச் சமம். நீங்களும் கோலில் "அம்மம்மா குளிக்க வாத்தவாவா?" என்று அவர் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு காரியம். இன்னும் மூன்று நாலு மாதத்தில் பல் முளைக்கும். முதல் பல்லுக்கு அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டையை அங்கே மருமகள் வீட்டார் அவிப்பார்கள். அதே நேரத்துக்கு நீங்களும் இங்கே அவியுங்கள். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்திய கொழுக்கட்டை நாலைந்து. அங்கே வெள்ளைத் துணியைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் கொட்டும்போது போனை நிலத்தில், பிள்ளையின் முகத்துக்கு நேரே வைக்கச் சொல்லுங்கள். மருமகளிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள், கொட்டுகிற ஆட்களின் முறையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வரும்போது உங்களையும் ஒருவராகச் சேர்த்து, "இது அப்பம்மா கொட்டுறது" என்று ஒரு பிடியை உங்கள் பேரில் கொட்டச் சொல்லி.